தண்டு இல்லாத மோட்டார்

அன்று மதியம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் எதுவும் வேலை செய்யவில்லை. எனக்குத் தலைவலி வேறு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, புதுக்கோட்டை டவுன் பஸ்ஸில் திருக்கோகர்ணத்தில் வந்து இறங்கினேன். எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது. செருப்பு அலமாரிக்குப் பின்னால் நாங்கள் வைத்திருக்கும் மாற்றுச் சாவியை எடுத்து என் தம்பி கதவைத் திறந்துகொண்டிருந்தான். அவனுடைய இடது கையில் லுங்கியில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல் அதை மார்போடு அணைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் அவன் முகம் வேறு மாதிரி ஆனது. அதை நான் பார்த்துவிட்டேன்.

"இப்பதான் ஒனக்குப் போன் பண்ணலாம்னு நெனச்சேன்க்கா."

"கதவத் தொறந்துட்டா போன் பண்ணுவாங்க? என்னடா அது?"

"பழைய சாமான். மோட்டார் மாதிரி ஒண்ணு. கொஞ்ச நாளைக்கு ஒங்க வீட்டுல இருக்கட்டும். யாருகிட்டயும் சொல்லிக்க வேணாம்."

"மச்சான்கிட்ட?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அவருகிட்டயும் வேணாம்."

படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். அக்கா வீட்டுக்கு வந்தால் இரண்டாவது தோசைக்குச் சட்டினி கேட்கிறவன் அவன். எனக்குத் தலைவலி போன இடம் தெரியவில்லை.

நான் மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பில் அதிகமாக வந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களின் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். வீடு பூட்டியே கிடந்தது என்பார்கள், மீட்டரைப் பார்த்தால் ஏசி ஓடியிருக்கும். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது எனக்கு வேலையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். என் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தம்பி வளைகுடாவில் ஒரு பெரிய கடையின் சரக்குக் கிடங்கில் பல வருஷம் இருந்துவிட்டு, இனிமேல் போகப்போவதில்லை என்று திரும்பி வந்தவன். அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஓடாமல் கிடந்த ஒரு ரைஸ் மில்லைக் குத்தகைக்கு எடுத்து, மளிகைச் சரக்குக் கிடங்காக மாற்றிக்கொண்டிருந்தான். மில்லைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த சாமானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் அதில் மறைக்க என்ன இருக்கிறது?

கணவரிடம் சொல்லாமல் இருக்க என்னால் ஒரு சாயங்காலம்கூட முடியவில்லை. கடையிலிருந்து அவர் வந்ததும் இரண்டு பேருமாக அதை வெளியே இழுத்து லுங்கியைப் பிரித்தோம்.

பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைப் படுக்க வைத்த அளவு. ஆனால் அந்த அளவுக்குப் பொருந்தாத கனம். கறுப்புப் பெயின்ட், காய்ந்த தோல்போல் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. இரண்டு முனைகளிலும் வட்டமான மூடி. நான்கு ஒயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் இல்லை, நூல் சுற்றிய ஒயர்கள். வயிற்றுப் பக்கம் ஒரு சிறிய அலுமினியத் தகடு. அதில் இருந்த எழுத்துகளை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள். பொருள் முழுக்கப் பழசு, தேய்த்த இடம் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

"பாம் கீம் இல்லையே?" என்றார் கணவர்.

"மோட்டார்னான்."

"மோட்டார்னா எதையாவது சுத்தணும்ல? தண்டு எங்க?"

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எதுவானாலும் ஒரு பக்கம் தண்டு வெளியே வரும். இதில் இரண்டு பக்கமும் மூடி. உள்ளே ஏதாவது சுழன்றாலும் வெளியே எதையும் சுற்றாது. எதையும் சுற்றாத மோட்டாரை எதற்குச் செய்வார்கள்?

தகட்டில் தேய்க்கத் தவறிய எழுத்துகள் சில மிச்சம் இருந்தன. மேல் வரியில் பி, யு, டி என்று மூன்று ஆங்கில எழுத்துகள். கீழ் வரியிலும் அதே மூன்று. கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "கம்ப்யூட்டரா இருக்குமோ?" என்றார். அவரே சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினார். "எதுக்கும் ஒன் தம்பிய வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. மருந்துக்கடைக்காரன் வீடு. நாளைக்கு ஒண்ணுன்னா லைசென்ஸ் போயிரும்."

தம்பி போனை எடுக்கவில்லை. எடுத்தபோதும் பின்னால் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான்.

அந்த வாரத்தில்தான் பைக்கில் வந்த ஓர் ஆளைப் பார்த்தேன். காலையில் நான் கோலம் போடும்போது எதிர் வீட்டுச் சுவரோரம் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் போன் பேசிக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தார். யார் வீடு தேடுறீங்க என்று கேட்டேன். "இங்கிட்டு வாடகைக்கு வீடு இருக்குதான்னு பாக்குறேங்க" என்றார். எங்கள் தெருவில் அப்போது இரண்டு வீடுகளில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. அந்தப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் மதியம் தம்பியின் மனைவி கூப்பிட்டாள். பேசுவதற்கு முன்னாலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி, ஒங்க வீட்டுல ஏதோ வச்சிருக்காராமே, அது நெசமா?"

"இருக்கு. என்னம்மா அது?"

"இரிடியமாம் அண்ணி."

இந்தப் பக்கத்தில் அந்த வார்த்தையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கோயில் கலசத்தில் இருக்கிறது, பழைய செம்புப் பானையில் இருக்கிறது, அரிசியைத் தானாக இழுக்கும், வெளிநாட்டுக்காரன் கோடிக்கணக்கில் கொடுப்பான் என்று ஆளை இழுத்துப் பணம் பறிக்கிற கூட்டம். பேப்பரில் அடிக்கடி வரும். படித்துவிட்டு, எப்படித்தான் ஏமாறுகிறார்களோ என்று சொல்லிக்கொண்டே அதே பேப்பரில் வடை எண்ணெயை ஒற்றியிருக்கிறேன்.

"யாரோ ரெண்டு பேரு மில்லுக்கு வந்து போறாங்க. வெளிநாட்டுக் கம்பெனியோட ஒப்பந்தம் போடணும்னு இவரு பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போயிட்டாங்க அண்ணி. நான் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு."

ஞாயிற்றுக்கிழமை நான் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன். மில்லின் பெரிய தகரக் கதவை உள்பக்கம் தாழ்போட்டிருந்தான். தட்டியபோது, "யாரு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் திறந்தான். உள்ளே உமி வாசனை இன்னும் போகவில்லை. ஒரு மூலையில் புது இரும்பு அலமாரிகள் அடுக்கியிருந்தன.

"எல்லாம் தெரிஞ்சிருச்சா?" என்றான்.

"ஒன் வாயால சொல்லு."

சொன்னான். பழைய டீசல் இன்ஜின் இருந்த அறையில், சாக்குக் குவியலுக்கு அடியில், ஒரு மரப்பெட்டியில் அது இருந்திருக்கிறது. என்னவென்று தெரியாமல் போட்டோ எடுத்து, 'இது என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். அதைப் பார்த்த யாரோ யாரிடமோ சொல்ல, ஒரு புரோக்கர் போன் செய்திருக்கிறான். பிறகு நேரில் வந்திருக்கிறான், கையுறை போட்ட இன்னொருவனோடு.

"அரிசிய இழுத்துச்சுக்கா. நான் கண்ணால பாத்தேன்." செல்போனை நீட்டினான். வீடியோவில், கண்ணாடித் தட்டில் பரப்பிய அரிசிக்குப் பக்கத்தில் நம் பொருள் இருந்தது. அரிசி மெல்ல மெல்ல அதை நோக்கி ஊர்ந்தது. கையுறைக்காரனின் இன்னொரு கை படத்திலேயே இல்லை.

"தகட்ட யாரு தேச்சது?"

"நாந்தான். அவங்கதான் சொன்னாங்க. மிலிட்டரி நம்பர் இருந்தா போலீஸ் பிடிச்சுக்குமாம்."

"என் வீட்டுல வைக்கச் சொன்னது?"

அவன் அலமாரியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அதுவும் அவங்கதான். ஒங்க அக்கா கரண்டு ஆபீஸ்லதான வேலை பாக்குறாங்க, அவங்க வீட்டுல கரண்டு சாமான் இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு."

முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது. என் வேலை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பைக்கில் வந்தவருக்கு வாடகை வீடு ஏன் தேவைப்படவில்லை என்றும் அப்போது புரிந்தது.

"போலீசுக்குப் போவோம்டா."

"போயி என்னன்னு சொல்லுவ? ஒன் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான இருக்கு?" என்றான். சண்டைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னான்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அது என்ன என்று தெரிந்துவிட்டால் போதும். இன்னதுதான் என்று பெயர் சொல்லிவிட்டால், அது இரிடியம் இல்லை என்று தம்பியின் வாயை அடைத்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தட்டில் அரிசியைப் பரப்பி அதன் பக்கத்தில் வைத்தேன். பொன்னி அரிசி அசையவில்லை. ரேஷன் அரிசியையும் வைத்துப் பார்த்தேன், அதுவும் அசையவில்லை. தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நம்ம அரிசிக்கு அசையாதுக்கா. அவங்க கொண்டு வர்றது வேற அரிசி."

அந்த வேற அரிசியில் இரும்புத் தூள் தடவியிருந்தார்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டான்.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் உதவிப் பொறியாளரிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன். "டிசி மோட்டார் மாதிரி இருக்கும்மா. ஆனா தண்டு இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒங்களுக்கு எங்க கெடச்சது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். சாதாரணமான கேள்விதான். ஆனால் நான் அன்றைக்கு யாருடைய தாழ்ந்த குரலையும் நம்பும் நிலையில் இல்லை. நெட்டில் வந்த படம் சார் என்று சொல்லிச் செல்போனை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். கணவர் அறைக்கு வெளியே நின்றுகொண்டார். ஒரு பக்க மூடி நான்கு திருகில் கழன்றது. உள்ளே, மிக்சியில் இருக்குமே, செம்புப் பட்டைகள் வரிசையாகப் பதித்த உருளை, அதன்மேல் அழுத்திக்கொண்டு கார்பன் கட்டைகள். அப்பாடா என்றிருந்தது. எனக்குத் தெரிந்த சமாச்சாரம். அடுத்த பக்க மூடியையும் கழற்றினேன். அங்கேயும் அதே செம்பு உருளை, அதே கார்பன் கட்டைகள். ஆனால் இந்தப் பக்கம் பட்டைகள் மெலிசு, நெருக்கமாக இருந்தன. கட்டைகளும் சிறிசு. ஒரே தண்டு. அதன் ஒரு தலையில் தடித்தது, மறு தலையில் மெலிந்தது.

அப்போதுதான் தகட்டின் இரண்டு வரிகளும் ஞாபகம் வந்தன. மேலே ஒரு 'புட்', கீழே ஒரு 'புட்'. இன்புட், அவுட்புட். ஒரு பக்கம் கரண்ட் உள்ளே போகிறது. மறுபக்கம் வெளியே வருகிறது. "என்னங்க, இது எதையும் சுத்துறதுக்கு இல்லங்க" என்று கத்தினேன். கணவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப கரண்ட வாங்கிக் கரண்டையே குடுக்குறதுக்கு எதுக்கு இவ்வளவு கனம்?" என்றார்.

இணையத்தில் பழைய ரேடியோ, பழைய மின்சாமான்கள் சேர்ப்பவர்களின் குழு ஒன்று இருந்தது. பெயரும் ஊரும் இல்லாத ஒரு கணக்கைத் தொடங்கி, மூடியோடு இருக்கும் படங்களை மட்டும் போட்டேன். நிறையப் பேர் நிறையச் சொன்னார்கள். ஒருவர் சைரன் என்றார். ஒருவர் விற்பீர்களா என்று மட்டும் கேட்டார். அவரை உடனே பிளாக் செய்துவிட்டேன். பிறகு திருச்சிக்காரர் ஒருவர் தமிழில் எழுதினார்: 'ரெண்டு மூடியையும் கழட்டிப் பாருங்க. ஒரு பக்கம் செம்புப் பட்டை அகலமா, இன்னொரு பக்கம் மெலிசா, நெருக்கமா இருக்கும்.'

நான் உள்பக்கப் படத்தைப் போடவே இல்லை. திறந்து பார்த்ததாகவும் எழுதவில்லை. இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருந்தால் தம்பியின் மில்லில் ஏற்கெனவே திறந்து பார்த்திருப்பான். ஒரு நாள் முழுக்கப் பதில் போடாமல் இருந்தேன். பிறகு பொறுக்க முடியாமல், அப்படித்தான் இருக்கிறது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அவர் பேச நம்பர் கேட்டார். கணவரின் நம்பரைக் கொடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். நடுத்தர வயதுக் குரல். வங்கியில் அதிகாரி, பழைய விமான ரேடியோக்களைச் சரிசெய்து ஓட்டுவது பொழுதுபோக்கு என்றார்.

"அதுக்குப் பேரு டைனமோட்டார்ங்க. அந்தக் காலத்து ஏரோப்ளேன்ல பேட்டரி கரண்டு மட்டும்தான் இருக்கும், இருபத்தஞ்சு வோல்ட்டு சுமாரு. ஆனா வால்வு ரேடியோ ஓடணும்னா எரநூறுக்கு மேல வேணும். பேட்டரி கரண்ட டிரான்ஸ்பார்மர் ஏத்தாது. அதனால ஒரே ஒடம்புக்குள்ள ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் ஜெனரேட்டர். சுத்துறது வெளியில வர வேண்டிய அவசியமே இல்ல. கரண்டு மட்டும் வந்தாப் போதும்."

கணவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கும் கேட்கக் கேட்க ஒவ்வொரு திருகும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆனால் அடுத்து அவர், "நான் வந்து ஓட்டிக் காட்டவா?" என்று கேட்டதும் மறுபடியும் எல்லாம் கழன்றுகொண்டது. வங்கி அதிகாரிக்குத் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சொந்தச் செலவில் வர அப்படி என்ன ஆசை?

வரச் சொன்னோம், சனிக்கிழமை காலையில். வீட்டு முகவரி கொடுக்கவில்லை. கோயில் வாசலில் நிற்கச் சொன்னோம். கணவர் முதலில் போய், ஒரு பெட்டிக்கடைப் பக்கமிருந்து அவரைப் பார்த்து, காரின் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல் செய்தி: 'பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்திருக்காருடி. அந்தம்மா கார்ல தூங்குது.'

அந்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, நான் வைத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே பேசியதில்தான் எனக்குப் பாதிச் சந்தேகம் போனது. "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், இத எங்க வீட்டுக்கு மட்டும் குடுத்துறாதீங்க. குளிக்கிற ரூமத் தவிர எல்லா ரூம்லயும் இந்த மாதிரிக் கெடக்கு. பீரோவுல சேலைக்கு எடமில்ல." இந்தச் சலிப்பை ஒத்திகை பார்த்துக் கொண்டுவர முடியாது.

தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். உன் ஆட்களையும் கூட்டி வா, அவர்கள் எதிரிலேயே பார்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். வருகிறோம் என்றார்களாம். தம்பி மட்டும்தான் வந்தான். வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

திருச்சிக்காரர் அவசரப்படவில்லை. மூடிகளைக் கழற்றி, மெல்லிய தாளால் செம்புப் பட்டைகளைத் துடைத்தார். பட்டைகள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. இரண்டு முனையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். மீட்டரை வைத்துப் பார்த்து, "உள்ள ஒண்ணும் போகல, அதிர்ஷ்டம்தான்" என்றார். காரிலிருந்து இரண்டு பேட்டரிகளைக் கொண்டுவந்து தரையில் வைத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். "அந்தப் பக்கத்து ஒயரத் தொட்டீங்கன்னா வீட்டுக் கரண்டவிட மோசமா அடிக்கும்."

"வீட்டுல சின்ன பல்பு இருக்கா? ஜீரோ வாட்டு?"

பூஜை அலமாரியில் எரியும் சிவப்பு பல்பைக் கழற்றிக் கொண்டுவந்தேன். மெலிந்த பக்கத்து ஒயர்களில் அதை மாட்டினார். முதலில் ஒரு பேட்டரியை மட்டும் கொடுத்தார். உர் என்று ஒரு முனகல், பிறகு நின்றது. கையால் தண்டை லேசாகத் திருப்பிவிட்டு மறுபடி கொடுத்தார். சுற்றத் தொடங்கியது. பெயின்ட் சூடாகும் வாசனையும் பழைய எண்ணெய் வாசனையும் ஹால் முழுக்கப் பரவின. பிறகு இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துக் கொடுத்தார். முனகல் ஏறி ஏறி, தூரத்தில் பறக்கும் கொசுக் கூட்டம்போல் ஒரே ரீங்காரமாக நின்றது. சிவப்பு பல்பு எரிந்தது.

பேட்டரியிலிருந்து அப்படியே கொடுத்தால் கண்ணைக்கூடத் திறக்காத பல்பு. எனக்குக் கைதட்டத் தோன்றியது. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். ஓடி வந்தான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! கரண்டு ஏத்துனா உள்ள இருக்குற பவரு செத்துரும்னு சொல்றாங்க!"

திருச்சிக்காரர் ஒயரை எடுத்தார். ரீங்காரம் மெல்ல இறங்கி அடங்கியது.

"இதுல பவருன்னு ஒண்ணும் இல்ல தம்பி. செம்புக் கம்பியும் இரும்பும்தான்" என்றார் அவர்.

தம்பி குனிந்து அதைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். பிறகு என்னை.

"அது இது இல்ல" என்றான்.

"என்னடா சொல்ற?"

"நான் கொண்டாந்து குடுத்தது இவ்வளவு மினுமினுப்பா இல்ல. எத்தன பேருக்குக்கா காட்டுன? யாரு வந்து மாத்துனது?"

"ஒன் கண்ணு முன்னாலதானடா அவரு தொடச்சாரு!"

"அதுக்கு முன்னாடி? நான் இல்லாதப்ப?" குரல் உடைந்தது. "கூடப் பொறந்த அக்கான்னு நம்பிக் குடுத்தேன்."

திருச்சிக்காரரின் மனைவி முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டார். என் கணவர் ஏதோ சொல்ல வந்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இத்தனை நாளாக நான் ஹெல்மெட்டை, தாழ்ந்த குரலை, திருச்சியை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். என்னையே ஒருவன், அதுவும் இவன், அப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. மீட்டர் ஓடவே இல்லை என்று என் மேசைக்கு எதிரில் சத்தியம் செய்கிறவர்களை நான் பார்க்கிற பார்வை. அதை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவன் அதை எடுத்துக்கொள்ளாமலேயே போனான். வேண்டாதவர் வீட்டிலிருந்து கிளம்புவதுபோல், சொல்லிக்கொள்ளாமல் போனான்.

அன்று மாலையே நான் ஸ்டேஷனுக்குப் போய், மில்லுக்கு வந்தவர்கள் பேசியது, பைக், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பொருளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே இருந்தவர் ஒயரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெயரைக் குறித்துக்கொண்டு, நீங்களே வைத்திருங்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார். புரோக்கரின் போன் அதற்குள் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிட்டது. பைக்கில் வந்தவரும் மறுபடி வரவில்லை. தம்பி பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பல நாள் அலைந்திருக்கிறான். கடைசியில் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று புகார் எழுதிக் கொடுத்துப் புதிதுக்கு விண்ணப்பித்திருக்கிறான். இதெல்லாம் அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் என்னிடம் பேசவில்லை. தீபாவளிக்குக்கூட வரவில்லை.

அந்தச் சாமான் ரைஸ் மில்லுக்கு எப்படி வந்தது என்பது உறுதியாகத் தெரியவில்லை. போர்க் காலத்தில் செட்டிநாட்டுப் பக்கம் விமானத் தளம் இருந்தது, போர் முடிந்ததும் மிச்சச் சாமான்களை ஏலத்தில் விட்டிருப்பார்கள், மில்காரர் யாராவது மோட்டார் என்று நினைத்து வாங்கித் தண்டு இல்லாததைப் பார்த்து மூலையில் போட்டிருப்பார் என்பது திருச்சிக்காரரின் ஊகம். இருக்கலாம். மில் முதலாளி குடும்பத்தில் கேட்டதற்கு, அப்படி ஒரு பெட்டி இருந்ததே தெரியாது என்றார்கள். அதையும் நான் அரைகுறையாகத்தான் நம்பினேன்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் தம்பி வந்தான். கட்டுமாவடியில் வாங்கினேன் என்று ஒரு பையில் மீனை நீட்டினான். கிடங்கு திறந்தாகிவிட்டது, லாரி சரக்கு வந்துவிட்டது என்று பொதுவாகப் பேசினான். நான் மீனைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தத் திருச்சிக்காரரு இன்னும் கேக்குறாராக்கா?"

"கேக்குறாரு. அவரு பொண்டாட்டிதான் வேணாங்குது."

"குடுத்துருவோம். ஆனா நானே கொண்டுபோயிக் குடுக்கிறேன். அத எதுல மாட்டுறாரு, என்ன பண்றாருன்னு பாத்துட்டுத்தான் வருவேன்."

இரண்டு பேருமாகத் திருச்சிக்குப் போனோம். அந்தம்மா சொன்னது மிகையே இல்லை. நடக்க வழி விட்டு மற்ற இடமெல்லாம் பெட்டிகள். ஜன்னலோரம் ஒரு விமான ரேடியோ, பக்கத்திலேயே நம்முடையது பொருத்த இடம். தம்பி கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்று பார்த்தான். சுவிட்சைப் போட்டதும் பழைய ரீங்காரம் எழுந்தது. வால்வுகள் உள்ளே மங்கலாகச் சிவந்தன. மேசைமேல் இருந்த ஹெட்போனிலிருந்து எங்களுக்கும் கேட்கும்படி இரைச்சல் வந்தது. அவர் குமிழை மெல்லத் திருப்ப, இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு மனிதக் குரல் மூக்கால் பேசுவதுபோல் வந்தது. கேரளாவில் இவரைப்போலவே ஹாம் ரேடியோ வைத்திருக்கும் ஒருவர், தன் வீட்டிலிருந்து, மலையாளமும் ஆங்கிலமுமாக மழையைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

திருச்சிக்காரர் அந்த ஹெட்போனை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார். அவன் மாட்டிக்கொண்டு வெகு நேரம் கேட்டான். பிறகு ஒரு காதை மட்டும் விலக்கி, ரேடியோவுக்குப் பின்னால் எட்டி, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"இது இப்ப நெசமாவே அங்கிட்டு உக்காந்து பேசுறாங்களா, இல்ல ரெக்கார்டா?"

"கொஞ்சம் இருங்க" என்று சிரித்துவிட்டு, அவர் மைக்கை எடுத்து, பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டியின் வழியே ஏதோ கூப்பிட்டார். கேரளத்துக் குரல் பேச்சை நிறுத்தியது. பிறகு, அங்கே திருச்சியில் வெயில் எப்படி என்று கேட்டது.

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தான்.